ஏற்றப்படுபவரின் சம்மதம்

கணேஷ்ராமுக்கு லாட்ஜ் என்றால் பயம்.

கல்யாணமான புதிதில் மதுரையில் ஒரு லாட்ஜில் தங்கினார்கள். அறைக் கதவின் தாழ்ப்பாள் லேசாக ஆடியது. கணேஷ்ராம் கட்டிலைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக்கொடுத்தார், அதன்மேல் பெட்டியை வைத்தார், பெட்டியின்மேல் தானும் உட்கார்ந்துகொண்டார். விஜயஸ்ரீ தரையில் போர்வை விரித்து நன்றாகத் தூங்கினாள். அதற்குப் பிறகு இருபத்துநான்கு வருஷமாக அவர்கள் எந்த ஊரிலும் தங்கவில்லை. திருச்செந்தூருக்குப் போனாலும் கன்னியாகுமரிக்குப் போனாலும் அன்றைக்கு ராத்திரியே காரில் பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிடுவார்கள்.

கணேஷ்ராம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண்ணுக்கே தெரியாத திருகாணிகளை மாட்டுகிற கை அவருக்கு. விஜயஸ்ரீ பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். ஆண்டிஸ் மலை எங்கே இருக்கிறது, கோபி பாலைவனம் எங்கே இருக்கிறது என்று கம்பால் தட்டிக்காட்டி ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். அவள் ஒரு நாள் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

“எனக்கு இந்த மாசத்தோட அம்பது வயசு. ஒரு நாளாவது வேற ஊர்ல கண்ணு முழிக்கணும். உங்களுக்கு முடியாதுன்னா சொல்லிருங்க. நான் தனியாப் போயிட்டு வாரேன்.”

கணேஷ்ராமுக்கு அதுவும் பயமாக இருந்தது.

அந்தப் பயத்தில்தான் அவர் டிரெய்லர் கட்டினார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் காருக்குப் பின்னால் சின்னப் பெட்டி ஒன்றைக் கட்டி இழுத்துப்போய், போன இடத்தில் அதற்குள் படுத்துத் தூங்குவதைச் செல்போனில் பார்த்திருந்தார். நம்முடைய படுக்கை, நம்முடைய தலையணை, நம்முடைய தாழ்ப்பாள். லாட்ஜ் மாதிரி யாரும் வந்து தண்ணீர் வேண்டுமா என்று தட்டமாட்டார்கள்.

மேலப்பாளையத்தில் அசன் மைதீன் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். பதினேழு வருஷம் சவூதியில் தம்மாமில் இருந்துவிட்டு வந்தவர். அளவு எழுதிய தாளை வாங்கிப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி இது, கோழிக்கூடா?”

“படுக்கதுக்கு பாய்.”

“யாரு?”

“நானும் வீட்ல அவளும்.”

அசன் மைதீன் சிரிக்கவில்லை. “அங்கன அரபிங்க பாலைவனத்துல இது மாதிரி கொண்டுபோய் நிறுத்துவாங்க. நான் எத்தனையோ தடவை பாத்திருக்கேன். நமக்கு ஒண்ணு செய்யணும்னு நெனச்சதே இல்ல பாருங்க” என்றார். ஒரே வாரத்தில் இரும்புச் சட்டமும் அச்சும் இரண்டு சக்கரங்களும் தயாராகிவிட்டன.

மீதியைக் கணேஷ்ராம் தன் வீட்டுக் கார் ஷெட்டில் ஐந்து மாதமாகச் செய்தார். எட்டடி நீளம், நாலரை அடி அகலம். பிளைவுட் சுவர், வெளியே அலுமினியத் தகடு, அதன்மேல் கிளிப்பச்சை பெயின்ட். பழைய வாஷிங் மெஷினின் வட்டக் கண்ணாடிக் கதவைக் கழற்றிப் பக்கவாட்டில் சன்னலாக வைத்தார். பின்பக்கம் பலகையைத் தூக்கினால் ஒரு சின்ன அடுப்பு. மூச்சு முட்டிவிடுமோ என்று பயந்து தலைமாட்டில் பதினாறு துளைகள் போட்டார். உள்ளே மூன்று தாழ்ப்பாள்கள், மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. முடிந்த அன்றைக்குக் கணவனும் மனைவியும் ஷெட்டுக்குள்ளேயே அதில் ஏறிப் படுத்துப் பார்த்தார்கள். கணேஷ்ராம் மூன்று தாழ்ப்பாளையும் போட்டார். வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்கு எதன்மீதும் பயம் இல்லாமல் இருந்தது. அது கால் மணி நேரம் நீடித்தது.

பிறகு அசன் மைதீன் வந்து, “அண்ணாச்சி, இதுக்குப் பதிவு போட்டுட்டியளா? போடாம ரோட்டுல எறக்குனா பிடிச்சுக்கிடுவான். சட்டத்த வெட்டித் துண்டுதுண்டாத்தான் திருப்பிக் குடுப்பான்” என்றார்.

மற்ற வண்டிகளுக்கு வேறு அலுவலகம் இருக்கிறது. தானாக ஓடாமல் பிறரால் இழுக்கப்படும் பெட்டிகளுக்கென்று ஊருக்கு வெளியே தனியாக ஒரு அலுவலகம் இருந்தது. அதன் பெயர் இழுவைப் பெட்டிப் பதிவகம். வாசலில் ‘தானாக நகராதவற்றின் நலனுக்காக’ என்று எழுதியிருந்தது. உள்ளே பணியாளர்கள் இருந்தார்கள்.

நாலாம் நம்பர் சன்னலில் பெர்சிஸ் என்ற பெண் இருந்தாள். நல்ல பெண். படிவத்தைத் தானே திருப்பிக் காட்டினாள்.

“நோக்கம்னு ஒரு கட்டம் இருக்குல்லா சார். அதுல எதுன்னு டிக் போடுங்க.”

சரக்கு, தண்ணீர், தார், கால்நடை, பிரேதம் என்று ஐந்து இருந்தன. கணேஷ்ராம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஐந்துதான்.

“மனுசங்கன்னு இல்லையேம்மா.”

“மனுசங்க உக்காந்து போனா அது பஸ்ஸு சார். அதுக்கு வேற ஆபீஸ்.”

“வண்டி ஓடும்போது நாங்க உள்ள இருக்க மாட்டோம். போய் நிறுத்துன பொறவுதான் படுப்போம்.”

“நிறுத்துன பொறவு நீங்க என்ன செய்யுதியன்னு எங்களுக்குத் தேவையில்ல. இழுக்கும்போது உள்ள என்ன இருக்குன்னுதான் நாங்க பாப்போம்.”

“இழுக்கும்போது காலியாத்தான் இருக்கும்.”

“காலிப் பெட்டிய எதுக்கு சார் இழுக்கணும்?”

பெர்சிஸ் அவரை உள்ளே உதவிப் பதிவாளர் குருபிரசாத்திடம் அனுப்பினாள்.

குருபிரசாத் படிவத்தைப் படித்தார். அவர் படிக்கும்போது கணேஷ்ராம் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி இருந்தது. அதில் உட்கார விதி இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை.

“படுக்கை இருக்கு, அடுப்பு இருக்கு, சன்னல் இருக்கு. அப்ப இது வீடு” என்றார் குருபிரசாத்.

“வீடுன்னே போட்டாலும் சரிதான் சார்.”

“எப்படிப் போடுதது? வீடுன்னா நகரக் கூடாதுல்லா. நகருத வீடு ஆபத்து சார். நாளைக்கு ஊர்ல எல்லாரும் வீட்ட இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்கன்னா, நாங்க நோட்டீஸ எதுல ஒட்டுதது?”

கணேஷ்ராம் மன்னிப்புக் கேட்டார்.

“நான் உங்களுக்கு உதவி செய்யணும்னுதான் பாக்கேன்” என்றார் குருபிரசாத். “இந்த ஆபீஸ்ல எதையும் முடியாதுன்னு சொல்லமாட்டோம். எதுல முடியும்னு பாப்போம். நீங்க உக்காந்து போகல, நின்னு போகல. படுத்த நிலை. மனித உடல். பெட்டி. இது மூணும் சேந்து வார இடம் படிவத்துல ஒண்ணுதான் இருக்கு.” பேனாவை எடுத்து ஐந்தாவது கட்டத்தில் அவரே டிக் போட்டார். “எத்தன பேரு?”

“ரெண்டு பேரு சார். ஆனா நாங்க…”

“ஆனா கீனான்னா மேல எழுதி அனுப்பணும். மேல இருந்து பதில் வர வரைக்கும் பெட்டி எங்க காவல்ல இருக்கும். வெயில்லதான் கெடக்கும்.”

கணேஷ்ராம் ஆனா என்பதை விழுங்கினார்.

பிரேத இழுவைப் பெட்டிக்கு ஏழு ஆவணங்கள் வேண்டும். அதில் நாலாவது, ஏற்றப்படுபவரின் சம்மதக் கடிதம். அந்த ஒரு கடிதத்தால் மாவட்டத்தில் நாற்பது விண்ணப்பங்கள் ஒன்பது வருஷமாகத் தேங்கிக் கிடந்தன. ஏற்றப்படுபவர் யாரும் கையெழுத்துப் போட முன்வரவில்லை. கணேஷ்ராம் அதை நிரப்பிக் கொடுத்தபோது பெர்சிஸ் எழுந்து நின்றுவிட்டாள். “சார், நீங்கதான் சார் மொத ஆளு!” என்றாள். பக்கத்துச் சன்னல்களிலிருந்து நாலைந்து பேர் வந்து அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் அவருடைய கையைத் தொட்டும் பார்த்தார்.

விஜயஸ்ரீயின் கடிதத்தை அவர் வீட்டுக்கு எடுத்துப்போனார். ‘கீழே கையொப்பமிட்டுள்ள நான், படுத்த நிலையில், எவ்வித ஆட்சேபணையுமின்றி ஏற்றிச்செல்லப்பட முழுமனதுடன் சம்மதிக்கிறேன்’ என்று இருந்தது. அவள் சிவப்புப் பேனாவால் ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

“பயமா இல்லையா விஜி?”

“எதுக்கு? கூட்டிட்டுப் போறதுக்கு ஒரு கவர்மெண்டாவது சம்மதிக்கே.”

அடுத்த வாரம் குருபிரசாத் நேரில் ஆய்வுக்கு வந்தார். கார் ஷெட்டில் நின்று பெட்டியைச் சுற்றி மூன்று முறை நடந்தார். கிளிப்பச்சை ஆகாது, வெள்ளையடிக்க வேண்டும் என்றார். வட்டச் சன்னலைப் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பவர் வெளியே பார்க்க வேண்டிய தேவை விண்ணப்பத்தில் விளக்கப்படவில்லை என்று எழுதிக்கொண்டு, காகிதம் ஒட்டி மறைக்கச் சொன்னார். அடுப்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். “இது இருக்கட்டும். கொள்ளிக்குன்னு எழுதிக்கிடலாம்” என்றார். கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டவர், அப்படியே நின்றார்.

“இது என்ன, உள்ளுக்குள்ள தாழ்ப்பாளு?”

“பயத்துக்கு சார்.”

“யாருக்குப் பயம்?”

“எனக்குத்தான்.”

“நீங்க ஏற்றப்படுபவர். உங்களுக்கு என்ன பயம்? ஏற்றப்படுபவர் உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா எறக்குததுக்கு யாரு பொறுப்பு? இத மூணையும் கழத்தி வெளிய ஒண்ணு போடுங்க.”

கணேஷ்ராம் அவர் எதிரிலேயே கழற்றினார். திருகாணிகள் இறுக்கமாக இருந்தன. நன்றாகத்தான் முறுக்கியிருந்தார். அன்றைக்குச் சாப்பிடும்போது அவர் சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். “விட்டுருவோமா?” என்று கேட்டார். விஜயஸ்ரீ அவரைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மோர் ஊற்றினாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் பெரிய பயமாக இருந்தது.

சுமைச் சோதனைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். காரை விஜயஸ்ரீ ஓட்டினாள். பின்னால் வெள்ளை டிரெய்லர் ஆடாமல் குலுங்காமல் வந்தது. பதிவகத்தின் மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். மாவட்டத்தின் முதல் பிரேத இழுவைப் பெட்டிக்குச் சான்றிதழ் வழங்க மண்டலக் கூடுதல் இயக்குநர் ஞானசம்பந்தனே வருகிறார் என்று பெர்சிஸ் சொன்னாள்.

“சுமைய ஏத்துங்க” என்றார் குருபிரசாத்.

கணேஷ்ராம் சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

“மணல் மூட்டை ஏதும் வைக்கக் கூடாதா சார்?”

“விண்ணப்பத்துல மணல் மூட்டையா சம்மதம் குடுத்திருக்கு? ரெண்டுல ஒருத்தர் ஏறுனாப் போதும். மூணு ரவுண்டு. அஞ்சு நிமிசத்துல எறக்கிருவோம்.”

செல்போனைப் பெர்சிஸ் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தாள். கணேஷ்ராம் ஏறிப் படுத்தார். கதவைச் சாத்தினார்கள். வெளித்தாழ்ப்பாள் விழுந்தது. அதன்மேல் துணி சுற்றி அரக்கு வைத்து முத்திரை போடும் மணம் துளைகள் வழியே உள்ளே வந்தது.

விஜயஸ்ரீ மூன்று சுற்றும் பைய ஓட்டினாள். கணேஷ்ராம் எண்ணிக்கொண்டே இருந்தார். மூன்றாவது முடிந்து வண்டி நின்றதும் எழுந்து முழங்காலில் உட்கார்ந்தார். கதவு திறக்கவில்லை.

“முத்திரைய அய்யா முன்னாலதான் உடைக்கணும்” என்ற குருபிரசாத்தின் குரல் கேட்டது. “அய்யா வந்துக்கிட்டு இருக்காங்க. அம்மா, நீங்க அதுக்குள்ள ரெண்டாம் மாடியில போய் இந்தத் தாளுல சீல் வாங்கிட்டு வந்துருங்க. சாவி வண்டியிலயே இருக்கட்டும்.”

“அவங்க உள்ள பயப்படுவாங்க” என்றாள் விஜயஸ்ரீ.

“நாங்க இத்தன பேரு இருக்கோம்லா.”

அவளுடைய செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. வெயில் ஏறியது. தகடு சுட்டது. கணேஷ்ராம் பதினாறு துளைகளுக்கும் பக்கத்தில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்திருந்தார். தட்டலாமா என்று யோசித்தார். சோதனையில் இருக்கும் சுமை தட்டினால் சோதனை தோற்றுவிடுமோ என்று தோன்றியது. தோற்றால் மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும்.

ஒரு மணி நேரம் கழித்து ஜீப்புகள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஞானசம்பந்தனுக்குப் போட வைத்திருந்த ரோஜா மாலையை, காற்றில் பறக்கும் கோப்புகளைப் பிடிப்பதற்காக யாரோ டிரெய்லரின்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஞானசம்பந்தன் ஜீப்பிலிருந்து இறங்கினார். வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், சுற்றி மரியாதையாக நிற்கும் ஊழியர்களைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்.

“யாரு?” என்று மெதுவாகக் கேட்டார்.

“கணேஷ்ராம் சார்” என்றார் குருபிரசாத். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது அவருடைய பழக்கம்.

“அடடா” என்றார் ஞானசம்பந்தன். மைக்கை வாங்கினார்.

“அன்பார்ந்த அலுவலர் பெருமக்களே! அமரர் கணேஷ்ராம் அவர்களை நான் பல்லாண்டுகளாக அறிவேன். அவரைப் போன்ற விண்ணப்பதாரர்கள் இன்று அரிதாகிவிட்டார்கள். ஏன் தாமதம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. இதோ, இந்தக் கொளுத்தும் வெயிலில் எவ்வளவு அமைதியாகக் காத்திருக்கிறார் பாருங்கள்! உயிரோடு வருகிற விண்ணப்பதாரர்கள் இவரிடம் பாடம் கற்க வேண்டும். எல்லாக் குடிமக்களும் இப்படி அமைந்துவிட்டால் நம் துறை என்றோ முதலிடத்துக்கு வந்திருக்கும். இப்போது ஒரு நிமிடம் மௌனம் காப்போம்.”

உள்ளே கணேஷ்ராம் துளையில் காதை வைத்துக் கேட்டார். முதலில் வேறு ஒரு கணேஷ்ராம் என்று நினைத்தார். பாவம், யாரோ நல்ல மனிதர் போலிருக்கிறது என்றுகூட நினைத்தார். மௌனம் தொடங்கிப் பாதியில்தான் அவருக்குப் புரிந்தது. அவர் தட்டினார்.

மைதானத்தில் அத்தனை பேருக்கும் அது கேட்டது. யாரும் அசையவில்லை. மௌனம் முடிய இன்னும் அரை நிமிடம் இருந்தது. பெர்சிஸ் மட்டும் வாயைத் திறந்தாள். குருபிரசாத் அவளைக் கண்ணால் அடக்கினார். அவருக்குப் பெட்டிக்குள் இருப்பவர் உயிரோடு இருப்பது நன்றாகத் தெரியும். ஆனால் மேலதிகாரி இரங்கல் உரை ஆற்றிய பிறகு, இறந்தவர் இறக்கவில்லை என்பதை எந்தப் படிவத்தில் தெரிவிப்பது என்று தெரியவில்லை. அப்படி ஒரு படிவம் இல்லை.

“வண்டி லேசா அதிருதே” என்றார் ஞானசம்பந்தன்.

“தகடு சார். வெயில்ல விரியும்.”

“சரி. சோதனை எதுவரை?”

“விதிப்படி சேருமிடம் வரைக்கும் சார். இங்கன மூணு ரவுண்டோட முடிச்சுக்கிடலாம்னு…”

“சேருமிடம்?”

குருபிரசாத் கொஞ்சம் தயங்கினார். “ஆத்தங்கரைச் சுடுகாடு சார்.”

“அப்படியானால் நானே முன்னால் போகிறேன். அங்கே வைத்துச் சான்றிதழ் கொடுத்துவிடலாம். நல்ல மனிதர், நாம் இதையாவது செய்ய வேண்டும்.”

அலுவலக டிரைவர் எபி காரில் ஏறினார். குருபிரசாத் பக்கத்தில் உட்கார்ந்தார். “அங்கன போய் அய்யாட்ட பக்குவமாச் சொல்லிக்கிடலாம்லே, நீ எடு” என்றார். வண்டி நகர்ந்தது. கணேஷ்ராம் தட்டினார், உதைத்தார், மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்தினார். முன்னால் ஜீப்பின் சைரன் அதைவிடச் சத்தமாக இருந்தது. உள்ளே தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகளைத்தான் கை தடவியது. ஒட்டிய காகிதத்தைக் கிழித்து வட்டச் சன்னல் வழியாக முகத்தைக் காட்டினார். ரோட்டோரம் நின்ற ஒருவர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

விஜயஸ்ரீ சீல் வைத்த தாளோடு கீழே வந்தபோது மைதானத்தில் டயர் தடமும் பெர்சிஸும்தான் இருந்தார்கள். பெர்சிஸ் அழுதுகொண்டே இரண்டு வார்த்தைதான் சொன்னாள். விஜயஸ்ரீ அசன் மைதீனுக்குப் போன் போட்டாள். பத்து நிமிடத்தில் அவர் பைக்கில் வந்தார்.

“ஏறுங்க மைனி. யா அல்லாஹ், என்ன கூத்து இது! எங்கன கொண்டுபோறாங்க?”

“சுடுகாட்டுக்கு.”

அசன் மைதீன் வண்டியைத் திருப்பினார். மேலப்பாளையத்துச் சந்துகளில் அவர் அன்றைக்கு ஓட்டியதுபோல் அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை.

தாமிரபரணிக் கரையில் அந்த மயானத்தைச் சண்முகசுந்தரி என்பவர் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷமாக அவர் பொறுப்பு. ஜீப்புகளும் வெள்ளைப் பெட்டியும் வந்து நின்றதைப் பார்த்து, விறகு அடுக்குவதை நிறுத்திவிட்டு வந்தார்.

“சீட்டு எங்க?”

“என்ன சீட்டு?” என்றார் ஞானசம்பந்தன்.

“டாக்டர் சீட்டு. செத்துட்டார்னு எழுதுன சீட்டு.”

“அம்மா, நான் மண்டலக் கூடுதல் இயக்குநர். நானே இரங்கல் உரை ஆற்றியிருக்கிறேன்.”

“நீங்க யாரா வேணும்னாலும் இருங்க சார். சீட்டு இல்லாம இங்கன ஒரு கோழியக்கூட எறக்க விடமாட்டேன்.” பெட்டியின் பக்கம் தலையைச் சாய்த்தார். “உள்ள தட்டுத சத்தம் கேக்கே?”

“தகடு விரியுது” என்றார் குருபிரசாத்.

“விரியுத தகடு ‘விஜி விஜி’ன்னா கூப்பிடும்?”

அவர் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. விறகு பிளக்கும் கத்தியின் பின்புறத்தால் அரக்கு முத்திரையை ஓர் அடி அடித்தார். தாழ்ப்பாளை இழுத்தார். கணேஷ்ராம் நாலு காலில் வெளியே வந்து மணலில் விழுந்தார். சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. உட்கார்ந்தபடியே சுற்றிலும் பார்த்தார். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் சாம்பல் மேடு, எதிரில் அரசாங்கம். அரசாங்கத்தைப் பார்த்துத்தான் பின்னால் நகர்ந்தார்.

சண்முகசுந்தரி ஒரு சொம்புத் தண்ணீரை அவர் கையில் கொடுத்தார். “குடிங்க அண்ணாச்சி. இங்கன வந்துட்டுத் திரும்பிப் போற மொத ஆளு நீங்கதான்” என்றார்.

அப்போதுதான் பைக் வந்து நின்றது. விஜயஸ்ரீ இறங்கி ஓடிவந்து கணவனின் தோளைப் பிடித்தாள். பிறகு நிமிர்ந்து ஞானசம்பந்தனைப் பார்த்தாள். வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்க்கிற பார்வை அது.

“இப்ப என்ன சொல்லுதிய?” என்றாள்.

உயிரோடு இருப்பவருக்கு மைக்கில் அஞ்சலி செலுத்திய செய்தி தலைமையகத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று ஞானசம்பந்தன் யோசித்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் கணேஷ்ராமுக்கு அடுத்தபடியாகப் பயந்துபோயிருந்தவர் அவர்தான். கடைசியில் குருபிரசாத்தின் பக்கம் திரும்பினார்.

“சோதனையின் முடிவு என்ன?”

“வெற்றி சார். சுமை சேதமில்லாம வந்து சேந்திருக்கு.”

“நல்லது” என்றார் ஞானசம்பந்தன். ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். அதைக் கணேஷ்ராமிடம் குனிந்து கொடுக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, “உங்களைப் பற்றி நான் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் எழுத்தில் கேட்டுவிடாதீர்கள்” என்றார்.

கணேஷ்ராம் ஒரு வாரம் கடைக்குப் போகவில்லை. யாராவது கதவைச் சாத்தினால் எழுந்து நின்றார். இனி அந்தப் பெட்டியைத் தொடமாட்டேன், அசன் மைதீனிடம் சொல்லி அறுத்துப் போட்டுவிடலாம் என்றார். எட்டாம் நாள் காலையில் ஷெட்டிலிருந்து சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தபோது விஜயஸ்ரீ உள்ளே முழங்கால் போட்டு உட்கார்ந்து, திருப்புளியைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு, பழைய ஓட்டைகளில் தாழ்ப்பாளைத் திருகிக்கொண்டிருந்தாள். கோணலாக இருந்தது. கணேஷ்ராமால் கோணலான திருகாணியைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. திருப்புளியை வாங்கிக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை முக்கூடலுக்குப் போனார்கள். வழியில் சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். கணேஷ்ராமின் கை ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டது. போலீஸ்காரர் சான்றிதழைப் படித்தார். தொப்பியைக் கழற்றினார். எதிரே வந்த வாழைத்தார் லாரியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு, டிரெய்லர் போகும் வரை தலைகுனிந்து நின்றார்.

“எந்த லாட்ஜுல இந்த மரியாத கெடைக்கும்?” என்றாள் விஜயஸ்ரீ.

ஆற்றங்கரையில் நிறுத்தி, மூன்று தாழ்ப்பாளையும் போட்டுப் படுத்தார்கள். கணேஷ்ராம் தூங்கவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் கதவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். விஜயஸ்ரீ தூங்கினாள். கிழக்கு வெளுத்தபோது விழித்து, வட்டக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள். நீர்க்காகம் ஒன்று பாறையில் சிறகை விரித்து வைத்திருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கணேஷ்ராம் பார்த்தார். ஏன் என்று கேட்கப் பயந்து அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டார்.

அந்த வருஷத்தில் ஸ்ரீவைகுண்டம் அணைப்பக்கம் ஒரு தடவை, கல்லிடைக்குறிச்சியில் இரண்டு தடவை என்று போய்வந்தார்கள். மூன்றாவது பயணத்தில் கணேஷ்ராம் இரண்டு மணி நேரம் தூங்கினார்.

சரியாக ஒரு வருஷம் முடிந்ததும் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் வந்தது.

‘தங்கள் பெயரில் பதிவாகியுள்ள பிரேத இழுவைப் பெட்டி எண் 1, கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஒரு பிரேதத்தைக்கூட ஏற்றவில்லை என்பது தணிக்கையில் தெரியவருகிறது. சம்மதம் அளித்த பயனாளிகள் இருவரும் பெட்டியைப் பதிவு செய்யப்பட்ட நோக்கத்துக்கு இதுவரை பயன்படுத்தாததன் காரணத்தைப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.’

கணேஷ்ராம் இரண்டு நாள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். வாடிக்கையாளர் ஒருவருக்கு இடது கண் லென்ஸை வலது கண்ணில் மாட்டிக் கொடுத்தார். மூன்றாம் நாள் விஜயஸ்ரீ சொல்லச்சொல்ல அவர் பதில் எழுதினார்.

‘மதிப்பிற்குரிய ஐயா, பயனாளிகள் இருவரும் தற்சமயம் உடல்நலத்துடன் இருப்பதால் தாமதம் ஏற்பட்டுள்ளது. தாமதத்துக்கு வருந்துகிறோம்.’

பத்தே நாளில் பதில் வந்துவிட்டது. கீழே குருபிரசாத்தின் கையெழுத்து இருந்தது.

‘தங்கள் விளக்கம் பரிசீலிக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது. பதிவு செய்யப்பட்ட நோக்கத்தை நிறைவேற்றத் தங்களுக்கு ஆறு மாத கால அவகாசம் வழங்கப்படுகிறது. இந்த அவகாசம் எக்காரணம் கொண்டும் நீட்டிக்கப்பட மாட்டாது.’

கணேஷ்ராம் அதை மூன்று தடவை படித்தார். வாசற்படியிலேயே உட்கார்ந்தார். விஜயஸ்ரீ வந்து கடிதத்தை வாங்கிப் படித்தாள். நின்றபடியே மடித்து இடுப்பில் செருகினாள்.

“ஆறு மாசம்தானா?” என்றாள். “அப்ப இந்த வாரம் மணப்பாடு. அடுத்த வாரம் மேற்க மலைப்பக்கம் போவோம். பள்ளிக்கூடத்துக்கு நான் லீவு சொல்லிக்கிடுதேன். இங்கன உக்காந்து என்ன செய்யுதிய? போய் வண்டிய மாட்டுங்க.”

கணேஷ்ராம் எழுந்து போய் மாட்டினார். கொக்கி இரண்டாம் தடவைதான் விழுந்தது.